ஊர் முழுக்க சிக்னலை மாற்றினால் நெரிசல் குறையுமா?

“எங்கள் ஊரில் எண்பது சிக்னல் இருக்கிறது. எல்லாவற்றையும் கேமரா, செயற்கை நுண்ணறிவு வைத்து ‘ஸ்மார்ட் சிக்னல்’ ஆக்கப் போகிறார்களாம். நெரிசல் குறையுமா, இல்லை பணம் தண்டமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச் சாமான் வாங்கிப் போட்டால் சிவப்பில் நிற்கும் நேரம் குறையுமா என்பதுதான் இதன் சாரம். சுருக்கமாகச் சொன்னால், சாமானை மட்டும் மாற்றினால் பெரிதாகக் குறையாது. நேரக் கணக்கைச் சரிசெய்தால் பல சந்திப்புகளில் நன்றாகவே குறையும். சாலையின் கொள்ளளவே போதாத சந்திப்பில் எந்த சிக்னல் வந்தாலும் குறையாது. உங்கள் ஊரில் எந்தச் சந்திப்பு எந்த ரகம் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கும் வழியைச் சொல்லலாம்.

முதலில் விளக்கு. சந்தேகமே இல்லாமல் லாபம் தருவது இது ஒன்றுதான். பழைய இழை பல்பு ஒன்று நூறு வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். அதே வேலையை எல்இடி பத்துப் பதினைந்து வாட்டில் முடித்துவிடும். நான்கு முனைச் சந்திப்பில் பக்கத்துக்கு இரண்டு விளக்குத் தொகுதி வீதம் எட்டு இருந்தால், எந்த நேரமும் எட்டு விளக்கு எரியும். 800 வாட் பிடித்த இடம் 100 வாட்டுக்கு வந்துவிடும். மின் கட்டணத்தைவிட முக்கியமான பலன் வேறு. விளக்குகளை நேரப்படி மாற்றும் கருவியான கன்ட்ரோலரையும் சேர்த்து மொத்தம் 150 வாட் என்றால் நான்கு மணி நேர மின்தடைக்கு 600 வாட்-மணி போதும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைப் பாதி வரை இறக்கினால் கிடைத்துவிடும். மழைக்கால மாலையில் கரன்ட் போனாலும் சந்திப்பு இயங்கும். பழைய விளக்கில் பின்னால் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் காலை, மாலை வெயில் பட்டு, எரியாத விளக்கும் எரிவதுபோலத் தெரியும் தொல்லையும் பெரும்பாலும் ஒழியும். கிழக்கு மேற்காக ஓடும் சாலைகளில் இது உயிர்ப் பிரச்சினை.

எல்இடியை மாட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. இழை பல்பு பட்டென்று அணையும், யாராவது புகார் செய்வார்கள். எல்இடி சிறுகச் சிறுக மங்கும், யாரும் கவனிப்பதில்லை. ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் திறக்கும் சந்திப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் முக்கால்வாசி நேரம் எரிவது சிவப்புதான், ஆக முதலில் தேய்வதும் சிவப்புதான். அதனால் விளக்குகளைப் பழுதாகும்வரை விடாமல், ஆண்டுக் கணக்கு வைத்து மாற்ற வேண்டும். இன்னொரு சிக்கல், பழைய கன்ட்ரோலரில் புது எல்இடியைப் பொருத்துவது. கன்ட்ரோலருக்குள் இருக்கும் பழைய கார்டுகள் (மின்சுற்றுப் பலகைகள்) பெரிய மின்னோட்டத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. அணைந்த நிலையிலும் அவற்றில் சிறு கசிவு மின்னோட்டம் இருக்கும். இழை பல்பில் அது தெரியாது, எல்இடியிலோ மங்கலாக எரிந்து காட்டும். ‘சிவப்பு எரிகிறதா’ என்று காவல் பார்க்கும் சுற்றுக்கும் எல்இடியின் சிறு மின்னோட்டம் கண்ணில் படாமல், நல்ல விளக்கையே பழுது என்று சொல்லிச் சந்திப்பை மஞ்சள் மினுக்கலுக்குத் தள்ளிவிடும். டெண்டரில் விளக்கும் கன்ட்ரோலரும் தனித்தனி ஒப்பந்தமாகப் பிரிந்தால் இது கட்டாயம் நடக்கும். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

கன்ட்ரோலர் பெட்டிக்குள் கட்டாயம் இருக்க வேண்டியது மோதல் கண்காணிப்பான். எதிரும் புதிருமான இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் பச்சை போனால், கன்ட்ரோலரின் மூளை என்ன சொன்னாலும் கேட்காமல், தனியாக நின்று உடனே மினுக்கலுக்கு மாற்றும் சாதனம் அது. ஏற்றுக்கொள்ளும் சோதனையில் இதைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. வேண்டுமென்றே ஒரு வயரை மாற்றிக் கொடுத்து, சந்திப்பு மினுக்கலுக்குப் போகிறதா என்று பார்த்தால் போதும். மற்றபடி பெட்டிகளைக் கெடுப்பவை சாதாரண விஷயங்கள்தான்: சரியான எர்த் இல்லாமை, இடி மின்னல் பாதுகாப்பு இல்லாமை, கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விடுவது. அந்த ஓட்டை வழியாகப் பல்லியும் எறும்பும் ஏறி கார்டைக் கெடுக்கும். செயற்கை நுண்ணறிவு பேசும் திட்ட அறிக்கையில் பல்லிக்கு ஒரு வரிகூட இருக்காது.

இனி நேரக் கணக்கு. பலன் அதிகம் கிடைப்பதும், ஆனால் யாரும் செலவு செய்ய விரும்பாததும் இதில்தான். ஒவ்வொரு பச்சைக்கும் ஒரு விரயம் உண்டு. வண்டிகள் கிளம்ப ஏறக்குறைய 2 நொடி, எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளி 2 நொடி, ஆக ஒரு கட்டத்துக்கு, அதாவது ஒருமுறை பச்சை விழுந்து மாறுவதற்கு, 4 நொடி. நான்கு பக்கத்தையும் தனித்தனியாகத் திறந்தால், எல்லாப் பக்கமும் ஒருமுறை பச்சை பெற்று முடியும் ஒரு சுற்றுக்கு 16 நொடி போகும். இந்த விரயத்தைக் குறைக்கத்தான் சுற்று நேரத்தை நீட்டுகிறார்கள். 90 நொடிச் சுற்றில் மீதி 74 நொடி, பக்கத்துக்கு 18.5. ஒரு மணிக்கு நாற்பது சுற்று, ஆக 740 நொடி பச்சை. சுற்றை 180 நொடியாக்கினால் பக்கத்துக்கு 41 நொடி, இருபது சுற்று, 820 நொடி. சுற்றை இரட்டித்தும் கிடைத்தது 11 சதவீதம் கூடுதல் பச்சை. அதற்குக் கொடுத்த விலை, சிவப்பு விழுந்த கணத்தில் வந்து நிற்பவர் முன்பு 72 நொடிக்குள் கிளம்பியவர், இப்போது 139 நொடி நிற்கிறார். அந்த 11 சதவீதமும் ஏட்டளவில்தான். பச்சை நீளும்போது முதலில் நெருக்கியடித்துப் போகும் கூட்டம் கலைந்து, பின்னால் வருபவை இடைவெளி விட்டு வரும்; கடைசிப் பத்து நொடி பாதி காலியாக ஓடும். நீண்ட சிவப்பில் என்ஜினை அணைத்தவர்கள் கிளம்பத் தாமதிப்பார்கள், நடப்பவர்கள் பொறுமையிழந்து குறுக்கே இறங்குவார்கள். நம் ஊர்களில் 180, 200, 240 நொடிச் சுற்றுகள் சர்வ சாதாரணம். பணம் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய முதல் இடம் இது.

சரியான சுற்று நேரத்துக்கு பிரிட்டிஷ் போக்குவரத்து ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958இல் கொடுத்த சூத்திரம் இன்றும் உதவும். விரய நேரத்தை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டுங்கள். ஒன்றிலிருந்து நெருக்க விகிதத்தைக் கழித்தால் வரும் எண்ணால் அதை வகுத்துவிடுங்கள். நெருக்க விகிதம் என்பது, ஒவ்வொரு பக்கமும் வரும் வண்டியை அந்தப் பக்கம் முழுப் பச்சையில் கடத்தக்கூடிய வண்டியால் வகுத்து, அவற்றைக் கட்டம்வாரியாகக் கூட்டியது. கடத்தும் திறனுக்கு நெடுநாளாகப் புழங்கும் தோராயம், அகலம் மீட்டருக்கு மணிக்கு 525 கார் அலகு (எல்லா வண்டியையும் கார் கணக்கில் மாற்றிச் சொல்வது). 7 மீட்டர் அகலப் பக்கத்துக்கு 3,675. விரயம் 16 நொடி, விகிதம் 0.8 என்றால் விடை 145 நொடி. விகிதம் 0.9 ஆனால் 290. 0.95 ஆனால் 580. இப்படி விடை எகிறும்போது சூத்திரம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: இந்தச் சந்திப்பில் இடமில்லை. கல்யாணப் பந்தியில் நூறு இலைதான் போட முடியும் என்றால், வரிசையை ஒழுங்குபடுத்தும் ஆளை மாற்றுவதால் நூற்றோராவது இலை வராது.

இடத்தை உண்டாக்கும் வழி பெரும்பாலும் கட்டங்களைக் குறைப்பதில் இருக்கிறது. ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் திறப்பது போலீஸுக்கு எளிது, வலப்பக்கம் திரும்புபவர் யாரோடும் மோதமாட்டார். ஆனால் நான்கு பக்கத்தின் விகிதமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும். முதன்மைச் சாலையில் 0.25, 0.20, குறுக்குச் சாலையில் 0.20, 0.15 என்றால் கூட்டுத்தொகை 0.80. எதிரெதிர்ப் பக்கங்களை ஒன்றாகத் திறந்தால் ஒவ்வொரு ஜோடியிலும் பெரியது மட்டும் கணக்கு, ஆக 0.45. வலப்பக்கத் திருப்பத்தைத் தடுத்து யு-டர்ன் போட வைப்பதால் வரும் சுமையைச் சேர்த்து 0.55 என்று வைத்தாலும், விரயம் 8 நொடி, சூத்திரம் கேட்கும் சுற்று 38 நொடி. நடப்பவர்களுக்காக அதை அறுபது, எழுபதாக வைத்துக்கொள்ளலாம். 145 நொடி கேட்ட அதே சந்திப்பு இது. இதற்குத் தேவை சில தடுப்புக் கற்களும் ஒழுங்கான யு-டர்ன் இடமும்தான். யு-டர்ன் இடம் சந்திப்புக்கு மிக அருகில் இருந்தால் அங்கே தேங்கும் வரிசை சந்திப்பையே அடைத்துவிடும். பேருந்து திரும்பும் ஆரம் கிடைக்காத குறுகலான சாலையில் இந்த வழியே கிடையாது.

இந்தக் கணக்குக்கு எண்ணிக்கை வேண்டும். பெரும்பாலான எண்ணிக்கைகள் தவறாக எடுக்கப்படுகின்றன. நிறுத்தக் கோட்டில் நின்று, பச்சையில் கடந்த வண்டிகளை எண்ணுவார்கள். நெரிசலான பக்கத்தில் அப்படி எண்ணினால் கிடைப்பது எவ்வளவு வண்டி வந்தது என்பதில்லை, எவ்வளவு பச்சை கொடுத்தோம் என்பதுதான். குறைவான பச்சை கிடைத்த பக்கத்தில் குறைவான வண்டி கடக்கும். அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் குறைவான பச்சையே மறுபடியும் வரும். அதனால் ஒவ்வொரு 15 நிமிடத் தொடக்கத்திலும் முடிவிலும் வரிசையில் மிஞ்சி நிற்கும் வண்டியையும் எண்ணி, வரிசை கூடிய அளவைச் சேர்க்க வேண்டும். திருப்பம்வாரியாக, வண்டி வகைவாரியாக, பள்ளி நடக்கும் ஒரு சாதாரண வார நாளில், காலை, மதியம், மாலை என எடுக்க வேண்டும். சனிக்கிழமை மாலை கடைவீதிச் சந்திப்புக்குத் தனியாக எடுப்பது நல்லது. எண்ணிக்கை கையில் வந்தபின் ஒரு நாளைக்கு ஐந்தாறு நேரத் திட்டங்கள் போதும். போக்குவரத்து மாறிக்கொண்டே இருப்பதால் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எண்ண வேண்டும். மேம்பாலமோ பெரிய வணிக வளாகமோ புதிதாக வந்தால் உடனே எண்ண வேண்டும்.

நடப்பவர்களின் நேரம் பேரத்துக்கு உரியதன்று. பொதுவாக எடுத்துக்கொள்ளும் நடை வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். 15 மீட்டர் சாலைக்கு 12.5 நொடி, கிளம்ப ஐந்தாறு நொடி, ஆக 18 நொடி குறைந்தபட்சம். முதியவர்கள், மருத்துவமனை வாசல், பள்ளி வாசல் என்றால் 0.9 மீட்டர் என்று வையுங்கள். கடக்கவே 17 நொடி ஆகும். சாலை 20 மீட்டருக்கு மேல் அகலமானால் நடுவில் நிற்க மேடை கட்டி இரண்டாகப் பிரிப்பது நல்லது. எந்தத் தானியங்கி முறை வந்தாலும் இந்தக் குறைந்தபட்சத்தை மென்பொருள் தொடக் கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள். கேமரா வண்டியைத்தான் எண்ணுகிறது, நடைபாதையில் நிற்கும் கூட்டத்தை எண்ணுவதில்லை. வண்டித் தாமதத்தை மட்டும் குறைக்கச் சொல்லிக் கொடுத்த மென்பொருள் முதலில் வெட்டுவது நடப்பவர்களின் நேரத்தைத்தான்.

மஞ்சளும் கணக்குக்கு உட்பட்டதே. 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் நொடிக்கு 13.9 மீட்டர் போகிறார். சுதாரிக்க ஒரு நொடி, பிறகு வசதியாக பிரேக் பிடிக்க வேகத்தை ஆறால் வகுத்து 2.3 நொடி, மொத்தம் 3.3. எல்லாம் சிவப்பு இடைவெளியில் அவர் 30 மீட்டர்ச் சந்திப்பைக் கடக்க 2.2 நொடி வேண்டும். 25 கிலோமீட்டரில் போகும் ஆட்டோவுக்கு 4.3 நொடி வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. 3 நொடி மஞ்சள், 2 முதல் 3 நொடி எல்லாம் சிவப்பு என்பது சமரசம். பச்சையைக் கூட்டுவதற்காக இதைக் குறைத்துக் காட்டும் ஒப்பந்ததாரரை நம்பாதீர்கள்.

அடுத்தது ஒரு சாலையின் சிக்னல்களை ஒன்றோடொன்று கோப்பது. இரண்டு சிக்னலுக்கு நடுவே 500 மீட்டர், ஓடும் வேகம் 40 கிலோமீட்டர் என்றால் போய்ச்சேர 45 நொடி. சுற்று 90 நொடியாக இருந்தால் இரண்டு திசைக்குமே பச்சை அலை (அடுத்தடுத்த சிக்னலில் நிற்காமல் பச்சை கிடைப்பது) அமையும், ஏனென்றால் போகும் நேரம் சுற்றில் சரிபாதி. இடைவெளி இப்படி அழகாக அமையாத சாலையில் காலையில் ஒரு திசைக்கும் மாலையில் மறுதிசைக்கும் சாதகமாக வைப்பதுதான் நடைமுறை. கோர்த்த சிக்னல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சுற்று நேரம் இருக்க வேண்டும்; ஒன்று 90, அடுத்தது 100 என்றால் கோர்வையே இல்லை. அடுத்த சிக்னலில் ஏற்கனவே நிற்கும் வண்டிகளுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். லேனுக்கு ஆறு வண்டி நின்றால் அவை கலைய 14 நொடி ஆகும், ஆகவே 45க்குப் பதில் 31ஆவது நொடியிலேயே அங்கே பச்சை விழ வேண்டும். இதை மறந்தால் அலையோடு வருபவர் ஒவ்வொரு சிக்னலிலும் வரிசையின் வாலில் பிரேக் போடுவார். நடுவில் பேருந்து நிறுத்தமும் கடைவாசல் நிறுத்தமும் நிறைந்து, இடைவெளியும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் கூட்டம் சிதறிவிடும். அங்கே கோர்ப்பதில் பலன் கொஞ்சம்தான்.

கோர்வை கெடுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் கடிகாரம். கன்ட்ரோலருக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால் ஒரு நாளைக்கு 1.7 நொடி, ஒரு மாதத்தில் 50 நொடி. 90 நொடிச் சுற்றில் 50 நொடி தள்ளிப்போனால் பச்சை அலை சிவப்பு அலையாகிவிடும். தொடக்க விழா வாரத்தில் அருமையாக ஓடிய சாலை மூன்றாம் மாதம் படுத்துவிடுவதற்குப் பல இடங்களில் காரணம் இதுதான். தீர்வு ஒரு சின்ன ஜிபிஎஸ் ரிசீவரோ, மத்தியக் கணினியிலிருந்து தினமும் நேரம் சரிபார்ப்பதோதான். மொத்தத் திட்டச் செலவில் அது ஒரு பொருட்டே இல்லை.

இத்தனைக்கும் பிறகுதான் போக்குவரத்தைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் முறை. இது புதுசும் அன்று. பிரிட்டனின் ஸ்கூட், சிட்னியின் ஸ்காட்ஸ் இரண்டும் 1970களில் உருவானவை. ஸ்கூட் சந்திப்புக்கு வெகு முன்னாலேயே வண்டியை எண்ணி வரிசையைக் கணிக்கும். ஸ்காட்ஸ் நிறுத்தக் கோட்டிலேயே, பச்சை எவ்வளவு நிறைவாகப் பயன்பட்டது என்று பார்க்கும். லேன் பிடிக்காத நம் போக்குவரத்துக்கென்று திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் செய்த முறை கோசிகோஸ்ட். பெங்களூரு அதைப் பயன்படுத்துகிறது. லாஸ் ஏஞ்சலீஸ் 1984 ஒலிம்பிக்கை ஒட்டி மையக் கட்டுப்பாட்டைத் தொடங்கி, சுமார் 4,400 சிக்னல்களையும் இணைத்து முடித்தது 2013இல். ஏறக்குறைய முப்பது ஆண்டு. அந்த ஊரில் நெரிசல் ஒழியவில்லை என்பது உலகத்துக்கே தெரியும். ஒரே ஆண்டில் எண்பது சந்திப்பையும் முடிப்பதாகச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

தானியங்கி முறையின் உயிர் வண்டியைக் கண்டறியும் உணரிகளில் இருக்கிறது, அவை செத்தால் மென்பொருள் குருடு. தாரைக் கீறி ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்று நான்கு சுற்றுக் கம்பி பதிக்கும் லூப் உலகெங்கும் நம்பகமானது. ஆனால் இங்கே சாலையைச் சுரண்டி மறுதார் போடும் முதல் நாளே போய்விடும். லேனுக்கு வெளியே குவியும் இரு சக்கர வண்டிகளையும் சரியாகப் பிடிக்காது. அதனால் கேமராவுக்குப் போகிறார்கள். கேமராப் படத்தின்மேல் வண்டியை எண்ணுவதற்குச் சில கட்டங்களை வரைந்து வைப்பார்கள். லாரி உரசி கம்பம் ஒரு விரற்கடை திரும்பினாலும் கட்டம் நடைபாதைமேல் விழுந்துவிடும், அதன்பின் அந்தப் பக்கத்தில் ‘வண்டியே இல்லை’. மாலை வெயில், இரவின் ஹெட்லைட், கனமழை, முன்னால் நிற்கும் பேருந்து மறைப்பது என்று ஒவ்வொன்றும் எண்ணிக்கையைக் கெடுக்கும். லென்ஸை மாதம் ஒருமுறையாவது துடைக்க வேண்டும். ரேடாருக்கு வெளிச்சமும் மழையும் அவ்வளவு பொருட்டில்லை, ஆனால் அசையாமல் நிற்கும் வண்டியைப் பிடிக்கும் வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். எது வாங்கினாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உணரி செத்தால் சிக்னல் என்ன செய்யும்? ‘அந்தப் பக்கத்துக்கு எப்போதும் முழுப் பச்சை’ என்று வந்தால் மறுத்துவிடுங்கள். அந்த நேரத்துக்கான பழைய திட்டத்துக்கு இறங்கி, கட்டுப்பாட்டு அறைக்கும் உடனே தகவல் சொல்ல வேண்டும்.

மக்களுக்குப் பிடித்த நொடி டைமரும் தானியங்கி முறையும் ஒத்துப்போகாது. பச்சை எப்போது முடியும் என்று கன்ட்ரோலருக்கே முன்கூட்டித் தெரியாதபோது டைமர் எதைக் காட்டும்? டைமரைக் காப்பாற்றுவதற்காகச் சுற்றின் தொடக்கத்திலேயே நேரத்தைப் பூட்டிவிடும் மென்பொருள்கள் உண்டு. அப்போது தானியங்கி என்ற பேச்சுக்குப் பாதிப் பொருள் போய்விடுகிறது. கடைசிச் சில நொடிகளை மட்டும் காட்டுவது நடுவழி. டைமர் விபத்தைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபடவில்லை. சிவப்பு மூன்று நொடி இருக்கும்போதே வண்டிகள் நகர்வதை நீங்களே எந்தச் சந்திப்பிலும் பார்க்கலாம்.

இன்னொரு உண்மை, நெரிசல் நேரத்தில் போலீஸ்காரர் சிக்னலைக் கையில் எடுத்துக்கொள்வது. அவரைக் குறைசொல்வது எளிது. ஆனால் அடுத்த சந்திப்பிலிருந்து வரிசை பின்னுக்கு வந்து தன் சந்திப்பை அடைப்பதை அவர் கண்ணால் பார்க்கிறார். நிறுத்தக் கோட்டை மட்டும் பார்க்கும் கேமராவுக்கு அது தெரியாது. வெளியேறும் பக்கத்திலும் ஒரு உணரி வைத்து, அங்கே வண்டி நகராவிட்டால் இங்கே பச்சையை வெட்டும் வசதி வேண்டும். அதைக் கொடுக்காமல் கையியக்கத்தைத் தடை செய்தால் சந்திப்பு பூட்டிக்கொள்ளும். முக்கியச் சந்திப்புகளில் முதல் செலவு அதற்கே போகலாம்.

‘பயண நேரம் இத்தனை சதவீதம் குறையும்’ என்ற விளம்பர எண்களைப் பொறுத்தவரை, அவை பெரும்பாலும் பொய்யில்லை, ஆனால் எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைச் சொல்வதில்லை. பத்து ஆண்டு தொடாத 200 நொடித் திட்டத்தோடு ஒப்பிட்டால் எந்த முறையும் ஜொலிக்கும். நன்றாகக் கணக்கிட்ட நேரத் திட்டத்தோடு ஒப்பிட்டால் கூடுதல் லாபம் ஊருக்கு ஊர் மாறும், கொள்ளளவு நிரம்பிய சந்திப்பில் மிகச் சொற்பமாகவும் இருக்கும். ஒப்பீட்டை நேர்மையாகச் செய்ய, முதலில் நேரத்தைத் திருத்தி ஒரு மாதம் ஓட்டி அளந்துவிட்டு, பிறகு தானியங்கியைப் போட்டு அளக்க வேண்டும். பள்ளி விடுமுறை மாதத்தை ஒரு பக்கமும் பள்ளி மாதத்தை இன்னொரு பக்கமும் வைக்கக் கூடாது. முதன்மைச் சாலையை மட்டும் அளந்து குறுக்குச் சாலையை விடுவதும் ஏமாற்று வேலைதான். கூகுள் தன் வரைபடத் தரவை வைத்து நேரத் திருத்தம் பரிந்துரைக்கும் ‘கிரீன் லைட்’ திட்டம் பெங்களூரு, கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் இருக்கிறது. அதற்கு சந்திப்பில் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. புதுக் கருவி இல்லாமலே எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள அது ஒரு வழி.

சிக்னலை மாற்றுவதற்குப் பதில் எடுத்துவிடலாமா என்றும் கேட்கலாம். கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை நிறுத்தி யு-டர்ன் முறைக்கு மாறினார்கள், லாலி ரோட்டில் ரவுண்டானா வைத்தார்கள். வண்டிகள் நிற்காமல் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிற பலன். ஆனால் சிவப்பே விழாத சாலையை நடந்து கடப்பது கடினம், திரும்புபவர் சுற்றிப் போகும் தூரமும் கூடுகிறது. நடப்பவர்களுக்குத் தனி சிக்னலோ நடுமேடையோ வைத்த இடத்தில் இதை ஆதரிக்கலாம், இல்லாத இடத்தில் கூடாது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை கொஞ்சம். நிறைய ஊர்களில் சிக்னல் போலீஸிடம், சாலை மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறையிடம், கரன்ட் மின்வாரியத்திடம். குழாய்க்காகத் தோண்டும்போது கேபிள் அறுந்தால் யார் சரிசெய்வது என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். கன்ட்ரோலர் பேசும் மொழி திறந்த தரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நிறுவனத்திடம் காலத்துக்கும் மாட்டிக்கொள்வீர்கள். நிர்வாகக் கடவுச்சொற்களும், அமைப்புக் கோப்புகளும், எண்ணிக்கைத் தரவும் ஊருக்குச் சொந்தம் என்று இருக்க வேண்டும். 2014இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அனுமதி பெற்று, கம்பியில்லா இணைப்பில் ஓடிய நூற்றுக்கு நெருக்கமான சிக்னல்களைத் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடியும் என்று காட்டினார்கள். காரணம் பூட்டில்லாத ரேடியோ இணைப்பும், கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதும். எண்பது சந்திப்புக்கு நான்கு உதிரிக் கன்ட்ரோலரும், விளக்குகளில் இருபதுக்கு ஒன்றும் கிடங்கில் இருந்தால் பழுது அன்றே தீரும். ‘ஆர்டர் போட்டிருக்கிறோம்’ என்ற பதில் வராது.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. சந்திப்புவாரியாகத் தற்போதைய நேரத் திட்டத் தாள், கடைசியாக வாகன எண்ணிக்கை எடுத்த தேதியும் தாளும், கடந்த ஓராண்டின் பழுதுப் பதிவேடு, புதுத் திட்டத்தில் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையும் ஆண்டுகளும் கேளுங்கள். முதல் இரண்டும் இல்லை என்று பதில் வந்தால், திட்டத்தின் முதல் கட்டம் பத்துச் சந்திப்பில் எண்ணிக்கையும் நேரத் திருத்தமும் ஜிபிஎஸ் கடிகாரமுமாக இருக்கட்டும், கேமரா அடுத்த கட்டத்தில் வரட்டும் என்று கோரிக்கை வையுங்கள். அந்தப் பத்தும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருப்பவையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஊர் முழுக்கச் சிதறினால் கோர்ப்பதை அளக்க முடியாது.